ஒன்பது ஃபைலும் ரெண்டு வரியும்

கஸ்பாருக்கு ஒரு விஷயத்தை ஒழுங்காக யோசிக்க வேண்டும் என்றால் கிரைண்டர் ஓட வேண்டும். மற்ற ஆம்பிளைகளுக்குக் கடற்கரை, டீக்கடை என்று ஏதாவது இருக்கும். இவனுக்கு அடுக்களை மூலையில் சனிக்கிழமை மத்தியானம் உளுந்து அரைபடும் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் போய்விட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டாலும் கேட்காது, கேட்டாலும் கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் இன்றைக்கு உளுந்து பாதி பொங்கி வந்துவிட்டது, யோசனை மட்டும் ஓரடி நகரவில்லை. முதல் பூட்டைத் திறந்து விட்ட பிறகு, இரண்டாவது பூட்டைப் போடுவதற்கு முன்னால். அந்த இடத்துக்கு வந்ததும் மனசு வழுக்கிவிடுகிறது. திரும்பவும் மேலேயிருந்து வருவான். இது எழுதுகிறது, அது காத்திருக்கிறது, இது முடித்துவிட்டது, முதல் பூட்டைத் திறந்தாயிற்று, இரண்டாவது பூட்டு இன்னும் போடவில்லை, அந்த இடைவெளியில் யார் இருக்கிறார்கள், இவனா, அவனா, யாருமே இல்லையா. குழவி ஓரத்தில் ஒதுங்கிய மாவை விரலால் வழித்து நடுவில் தள்ளினான். கொஞ்சம் தண்ணீர் தெளித்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஹாஜராவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அவள் எழுதின புரோகிராமைச் சேர்க்கலாம் அல்லது சேர்க்க வேண்டாம், ரெண்டில் ஒன்று. பயமாக இருந்தது. வேறு பெயர் வைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, பயம்தான்.

கடகம் என்று அவர்கள் பெயர் வைத்திருக்கிற அந்தச் சாமானைக் கடையில் வாங்கி மேஜையில் வைக்க முடியாது. மற்றவர்கள் எழுதுகிற மென்பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, கொடுத்த தகவலைப் பத்திரமாக வாங்கி வைத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் டேட்டாபேஸ் லைப்ரரி அது. பல வருஷத்துக்கு முன்னால் கஸ்பார் ஒற்றை ஆளாக உட்கார்ந்து எழுதினான். அதன் சட்டம் ஒன்றே ஒன்று: எழுது, டிஸ்க்கில் இறங்கிற்றா என்று கேள், இறங்கிற்று என்று பதில் வந்தால்தான் அடுத்ததைத் தொடு. ஆமை மாதிரி போகும், ஆனால் எந்த நொடியில் கரண்ட் போனாலும் எழுதினது எழுதினதுதான். பிழைப்பு நடப்பதே அந்த ஒரு வாக்கை நம்பித்தான். ஊரிலேயே ஒரு கம்பெனிக்காரன் விசைப்படகுகளுக்கு ஒரு பெட்டி செய்கிறான், உள்ளங்கை அகலத்தில். மீன் பட்ட இடங்கள், வந்த வழி, தாண்டக்கூடாத எல்லைக்கோடு எல்லாம் அதற்குள் இருக்கும். அந்தப் பெட்டிக்குள் கடகம்தான் இருக்கிறது. இப்போது ஹாஜரா, மேலப்பாளையத்துப் பெண், கஸ்பாரின் ஆபீசில் சேர்ந்து மூணு வருஷம் ஆகிறது, அவள் மாசக்கணக்கில் உட்கார்ந்து ஒரு மாற்றம் எழுதியிருக்கிறாள். ஒவ்வொன்றாக இறக்காமல் கொஞ்சம் சேர்த்துவைத்து மொத்தமாக இறக்குவது, அடிக்கடி கேட்பதைக் கைக்கருகிலேயே வைத்துக்கொள்வது, ஒரே நேரத்தில் நாலு வேலையை ஓடவிடுவது. ஏழு மடங்கு வேகம். கஸ்பாரே அளந்து பார்த்துவிட்டான், ஏழு மடங்கு ஏழு மடங்குதான். அதற்கு விலை ஒன்பது புது ஃபைல். இதுவரைக்கும் கடகத்தை ஒரு மத்தியானத்தில் யார் வேண்டுமானாலும் படித்து முடித்துவிடலாம். இனிமேல் அது நடக்காது.

ஒன்பதையும் மூணு தடவை படித்தான். முதல் ஐந்து புரிந்தது, ரசித்தும் படித்தான், நல்ல கை அவளுக்கு. ஆறாவது ஃபைலில் அந்தப் பூட்டு இடம், ஒரே தகவலை ரெண்டு வேலை ஒரே சமயத்தில் தொட்டுவிடாமல் மாற்றி மாற்றிப் பூட்டுகிற இடம். மூணு தடவையும் அங்கேயே கால் இடறியது. இதில் என்ன அவஸ்தை என்றால், அது தப்பாக இருப்பதால் புரியவில்லையா, இவனுக்கு மூளை மங்கிவிட்டதால் புரியவில்லையா என்பது தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது ஒருவர் கையைப் பிடித்து நலம் விசாரித்தார், பெயர் ஞாபகம் வரவில்லை. பத்து வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவர். மனைவி ஜெசிந்தாதான் முழங்கையால் இடித்து 'அண்டன் மாமா' என்றாள். நாற்பத்தி நாலு வயசு ஒரு வயசா. அல்லது வயசுதானோ. முன்னே சென்னையில் முதல் வேலையில் இருந்தபோது ஏகாம்பரம் சார் என்று ஒருத்தர் இருந்தார், யார் எதை எழுதிக் கொண்டுபோனாலும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு 'ரொம்பச் சிக்கலா இருக்கேப்பா' என்பார். பையன்கள் அவருக்குச் சிக்கல் சார் என்றே பெயர் வைத்தார்கள், அதில் சத்தமாகச் சிரித்தவன் இந்தக் கஸ்பார். மனுஷனுக்குப் புரியாததுக்கெல்லாம் சிக்கல் என்று பெயர் என்று கேன்டீனில் வைத்துச் சொன்னான். அவர் பின்னாடி நின்றுகொண்டிருந்தாரா, இல்லையா. காபி டம்ளரோடு ஒரு ஆள் நகர்ந்து போனது ஞாபகம் இருக்கிறது, முகம் ஞாபகம் இல்லை. நேற்று ஹாஜரா எதிரில் உட்கார்ந்து 'பாத்துட்டீங்களா அண்ணா' என்று கேட்டபோது இவன் வாயிலிருந்து வந்த வார்த்தையும் அதுதான். 'கொஞ்சம் சிக்கலா இருக்கும்மா.' சொல்லி முடிக்கும்போதே கை தானாகக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. 'எந்த இடம்னு சொன்னா எளிமையாக்கிப் பாக்கேன்' என்றாள் அவள். எந்த இடம் என்று சொல்ல வேண்டியதுதானே. சொல்லவில்லை. ஆறாவது ஃபைல் எனக்கு விளங்கவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை, கடகம் எழுதின நாக்கு.

உள் ரூமில் கட்டிலில் உட்கார்ந்து ஜெசிந்தா துணி மடித்துக்கொண்டிருந்தாள். 'மாவு நைசா வரட்டும், ரொசாரியோக்குத் திரிதிரியா இருந்தா பிடிக்காது' என்று அங்கேயிருந்தே சத்தம் கொடுத்தாள். ரொசாரியோ அவள் தம்பி. கடலுக்குப் போய் ஆறு நாளாகிறது, இன்று பொழுது சாய கரைக்கு வருகிறான், நாளைக் காலையில் இட்லி தின்ன இங்கே வருவான். அவன் படகில் இருப்பதும் அந்தப் பெட்டிதான். கஸ்பார் மாவைத் தொட்டுப் பார்த்தான், இன்னும் கொஞ்சம் ஓட வேண்டும். மிக்ஸியில் போட்டால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும், ஆனால் மாவு சூடாகி இட்லி கல்லாகும், ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், வேகத்துக்கு ஒரு விலை உண்டு என்று ஹாஜராவிடம் இதைச் சொல்லலாமா. சொன்னால் சிரிப்பாள். 'அண்ணா, கிரைண்டரும் ஒரு காலத்துல ஆட்டுக்கல்லுக்கு முன்னாடி வேகம்தான்' என்பாள், அவள் வாய்க்கு அது வரும். போன வருஷம் துறைமுகத்தில் ரொசாரியோ இவனைப் படகில் ஏற்றிக் காட்டினான். டீசல் நாற்றமும் கருவாட்டு நாற்றமும் கலந்து குமட்டியது. சுக்கான் அறையில் பிளாஸ்டிக் பூமாலை போட்ட மாதா படம், அதற்குக் கீழே பெட்டி. அதன் ஒயர் எங்கே போகிறது என்று கண்ணால் தேடினான், மரச்சட்டத்துக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டது. எஞ்சினை முடுக்கியபோது சுக்கான் அறை விளக்கு ஒரு கணம் மங்கி வந்தது, கூடவே கஸ்பார் நெஞ்சும் மங்கி வந்தது. ரொசாரியோ ஒரு பட்டனை அமுக்கிவிட்டு பீடியைப் பற்றவைத்தான். பீடி பாதி எரிந்த பிறகுதான் வரைபடம் வந்தது. 'பாத்தீங்களா அத்தான்? உங்க பொட்டிகிட்ட வழி கேக்குறதுக்கு மீன்கிட்டயே கேட்டுரலாம்' என்றான். படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கஸ்பாரும் சிரித்தான், ஆனால் சுருக்கென்றுதான் இருந்தது.

அந்தச் சுருக்கில்தான் கிறிஸ்மஸுக்கு முன்னால் ஒருநாள் ஒரு சின்னத் திருத்தம் செய்தான். கடகம் டிஸ்க்கிடம் இரண்டு தடவை கேட்கும். சரக்கு இறங்கிற்றா என்று ஒரு தடவை, சரக்கு வந்துவிட்டது என்று மேலே ஒட்டுகிற சீட்டு இறங்கிற்றா என்று ஒரு தடவை. சீட்டு இறங்கிவிட்டது என்றால் அதற்கு முந்திப்போன சரக்கும் இறங்கியிருக்கும்தானே, எதற்கு ரெண்டு தடவை கேட்பது என்று முதல் கேள்வியை எடுத்துவிட்டான். ரெண்டே வரி. சோதனைகள் எல்லாம் தேறின. ஹாஜராவிடம்கூடக் காட்டவில்லை, ரெண்டு வரியைப் போய் யாரிடம் காட்டுவது. வேகம் கொஞ்சம்போல ஏறியது, ரொசாரியோவோ 'அப்படியேதான் இருக்கு அத்தான்' என்று சொல்லிவிட்டான். அதோடு கஸ்பார் அதை மறந்தும் போனான். இப்போது ஞாபகம் வந்தது எதற்கென்றால், வேகம் வேண்டும் என்றால் அப்படி அடக்கமாக, கைக்கு அடங்குகிற மாதிரி செய்ய வேண்டும், ஒன்பது ஃபைலா எழுதுவார்கள், என்று தனக்குத்தானே பெருமை பேசிக்கொள்ளத்தான்.

பெருமை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. திரும்பப் பயம் வந்தது, வேறு வழியாக. ராத்திரி மழை, கண்ணுக்கு எட்டின தூரம் ஒன்றும் தெரியவில்லை, எஞ்சின் இருமி நிற்கிறது, ரொசாரியோ திரும்ப முடுக்குகிறான், விளக்கு மங்கி வருகிறது, பெட்டி அணைந்து திரும்ப எழுகிறது. அந்த நொடியில் முதல் பூட்டு திறந்திருந்தது, இரண்டாவது பூட்டு இன்னும் போடவில்லை. திரையில் ஒன்றுமில்லை. வந்த வழி இல்லை, எல்லைக்கோடு இல்லை, வெறும் வெள்ளை. எந்தப் பக்கம் கரை என்று தெரியாமல் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். விடிந்ததும் எந்த நாட்டு ரோந்துப் படகு அவன் பக்கத்தில் வந்து நிற்கும். ஜெசிந்தாவிடம் என்ன சொல்வது. ஹாஜரா எழுதினாள், நான் சரி என்று சொன்னேன் என்றா. கையில் மாவு காய்ந்து விரலை இழுத்தது. கிரைண்டர் பெல்ட்டில் லேசாக ரப்பர் கருகும் வாசம் வருகிறதா, இல்லை மனப்பிரமையா என்று குனிந்து மோந்து பார்த்தான். ஒன்றுமில்லை.

ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் அவனிடம் நியாயம் இல்லை, அதுதான் முள். ஏனென்றால் பிடுங்கலில் அவள் மாற்றம் தேறிவிட்டது. பிடுங்கல் அவர்கள் ஆபீசின் பழைய வழக்கம். ஆரம்ப நாளில் கஸ்பாரும் முதலாளியும் ஒரு பெட்டியை எழுதவிட்டு, எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒயரை சாக்கெட்டிலிருந்து கையால் பிடுங்குவார்கள். திரும்பச் செருகி, எழுதினது எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வீட்டில் 'ஆபீசுக்குப் போய் என்னத்தப் பிடுங்குற' என்று கேட்டால் ஒயர் என்று உண்மையாகவே சொல்லலாம் என்று ஹாஜரா வந்த புதிதில் சிரித்திருக்கிறாள். பிறகு கை வலிக்கிறது என்று ஒரு டைமர் சுவிட்ச் வாங்கி, அலமாரிக்குப் போகிற கரண்ட் லைனையே அது விட்டுவிட்டு வெட்டுகிற மாதிரி ஏற்பாடு செய்தார்கள். அலமாரியில் படகுகளில் இருக்கிற அதே பெட்டி. நாள் முழுக்க வெட்டும், கொடுக்கும், வெட்டும், கொடுக்கும். ஹாஜராவின் மாற்றத்தைப் போட்டு ஒரு வாரம் ஓடவிட்டார்கள், ஒரு தடவைகூடத் தகவல் கெடவில்லை. ஒரு தடவைகூட. அதற்கு முந்தின மாசங்களிலும் ஒரு தடவைகூட இல்லை, புது மாடிக்கு மாறி வந்ததிலிருந்தே அலமாரி அப்படிச் சமர்த்தாக இருக்கிறது. அப்புறம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, எதை வைத்துச் சொல்வது. உன் வேலை தேறிவிட்டது, எனக்குத்தான் தேறவில்லை என்றா. வேண்டாம் என்றால் அவள் போய்விடுவாள், பெங்களூரில் ஒரு இடம் அவளுக்காகக் காத்திருக்கிறது, கடகத்தில் வேலை நடக்கும் என்று நம்பித்தான் அவர்களை இழுத்தடித்துக்கொண்டிருக்கிறாள். சரி என்றால், நாளைக்கு அவள் போய்விட்டாலும் அந்த ஆறாவது ஃபைல் போகாது. ஒருநாள் அது உடையும், அன்றைக்கு அதைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காரப் போவது யார். மூணு தடவை இடறினவன்தான் நாலாவது தடவையும் இடறுவான்.

கையைத் துடைத்துவிட்டு போனை எடுத்தான். 'நல்ல வேலைம்மா, ஆனா இப்போதைக்கு வேண்டாம்னு தோணுது' என்று அடித்தான். தோணுது என்பதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மூணு எழுத்து, இத்தனை நாளாக வந்த பயம் அத்தனையும் அதில் இருந்தது. அழித்தான். 'சேர்த்துரலாம்' என்று அடித்தான். ரொசாரியோ சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அழித்தான். போன் திரையில் மாவு அப்பியது. முதல் பூட்டைத் திறந்து விட்ட பிறகு, இரண்டாவது பூட்டைப் போடுவதற்கு முன்னால், முதல் பூட்டைத் திறந்து விட்ட பிறகு, என்று வாய்க்குள் ஜெபமாலை மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்போதே கிரைண்டர் ஒரு முனகலோடு சுற்று குறைந்து, குறைந்து, நின்றது. வீடு சட்டென்று அமைதியாயிற்று. அத்தனை நேரம் சத்தத்துக்குள் ஒளிந்திருந்த மனுஷனை யாரோ வெளியே இழுத்துப் போட்டாற்போல் ஆகிவிட்டது. கரண்ட் போனால் முதல் வேலையாக கிரைண்டர் சுவிட்சை அணைக்க வேண்டும், கையை உள்ளே விட்டிருக்கும்போது கரண்ட் வந்துவிட்டால் விரல் போய்விடும் என்று கல்யாணம் ஆன புதிதிலேயே ஜெசிந்தா சொல்லிக்கொடுத்தது. அணைத்தான். 'ஜெசி, கரண்ட் போயிட்டு' என்றான்.

'போயிட்டா?' என்றாள் ஜெசிந்தா உள்ளேயிருந்து. 'ஃபேன் ஓடுதே. எனக்குத் தெரியவே இல்ல.'

ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அடுக்களையிலும் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. போன கோடையில் இன்வெர்ட்டர் வைத்ததிலிருந்து ஃபேனுக்கும் லைட்டுக்கும் கரண்ட் போவதே கிடையாது. கிரைண்டரையும் ஃபிரிட்ஜையும் மட்டும் அதில் கொடுக்கவில்லை, தாங்காது என்று. அதனால் கிரைண்டருக்குத்தான் தெரியும், ஜெசிந்தாவுக்குத் தெரியாது. நல்லதுதான், என்ன இப்போது. போனைத் திரும்பக் கையில் எடுத்தான். எனக்குத் தெரியவே இல்ல. பதில் அடிக்க வேண்டும். தெரியவே இல்ல என்றாளே. அந்தச் சொல் எங்கேயோ மாட்டிக்கொண்டு இழுத்தது, சட்டைக் கை ஆணியில் மாட்டினால் இழுக்குமே, அப்படி. கரண்ட் போனது அவளுக்குத் தெரியவில்லை. ஃபேனுக்குத் தெரியவில்லை. தெரியாது என்றால் போகவே இல்லை என்றுதானே அர்த்தம், ஃபேனைப் பொறுத்தமட்டில். ஆவணியில் புது மாடிக்கு மாறினார்கள். மாறுவதற்கு முந்தின நாள் எலக்ட்ரீசியன் ஏணியில் நின்றபடி கீழே பார்த்துக் கேட்டான். 'சார், எந்தெந்த லைனை இன்வெர்ட்டர்ல குடுக்கணும்?' கஸ்பார் கையைக் காட்டினான், கம்ப்யூட்டர் மேஜை எல்லாம் என்று சொன்னான், அப்புறம் திரும்பி, தான்தான், வேறு யாரும் இல்லை, தானே திரும்பி விரலை நீட்டி, 'அந்த அலமாரி ரொம்ப முக்கியம்ப்பா. எது நின்னாலும் அது நிக்கக் கூடாது' என்றான்.

அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டான். டைமர் எங்கே இருக்கிறது, போர்டில் மெயின் பக்கத்தில் இருக்கிறது. டைமர் இன்வெர்ட்டருக்கு வருகிற மெயின் லைனை வெட்டும். மெயின் போனால் இன்வெர்ட்டர் கண் இமைக்கும் முன்னே எடுத்துக்கொள்ளும். பெட்டி பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும், ஃபேன் மாதிரி. பிறகு சோதனை வந்து, தகவல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்கும். இருக்கிறது என்று சொல்லும், ஏன் இருக்காது. நீ விழுந்து எழுந்தாயா என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. ஆவணியிலிருந்து அந்த அலமாரியில் ஒரு தடவைகூடக் கரண்ட் போகவில்லை. அப்படியென்றால் ஹாஜரா தேறவில்லை. தோற்கவும் இல்லை, பரீட்சையே நடக்கவில்லை. ஒரு கணம், சொன்னால் வெட்கக்கேடு, ஒரு கணம் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பாடா, வேண்டாம் என்று சொல்ல நியாயம் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு எழுந்திருக்கப் போனவன் பாதியில் நின்றான். ஆவணிக்கு அப்புறம் என்றால் கிறிஸ்மஸும் ஆவணிக்கு அப்புறம்தான். சோதனைகள் எல்லாம் தேறின, ரெண்டே வரி. ஹாஜராவின் ஒன்பது ஃபைல் இன்னும் ஆபீஸ் வாசலைத் தாண்டவில்லை. அந்த ரெண்டு வரி கடலில் இருக்கிறது.

ஹாஜரா சனிக்கிழமையும் ஆபீசில்தான் இருந்தாள், இவன் பதிலுக்காக. முதல் மணியிலேயே எடுத்தாள். 'சொல்லுங்க அண்ணா' என்ற குரலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. கஸ்பார் நேராக விஷயத்துக்கு வந்தான். 'அலமாரிப் பக்கம் போம்மா. பெட்டியில இப்ப படகுல ஓடுறதைப் போடு, உன்னோடது வேண்டாம். எழுத விடு. எழுதிட்டு இருக்கும்போதே ஒயரைக் கையால பிடுங்கு. சுவிட்ச் இல்ல, டைமர் இல்ல, சாக்கெட்ல இருந்து பிடுங்கு.' எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம் வந்தது. நாற்காலியை இழுத்துவைக்கிற சத்தம். 'பிடுங்கிட்டேன். பச்சை லைட் அணைஞ்சிட்டு' என்றாள், சொல்லிவிட்டு நின்றாள். 'அண்ணா, டைமர் வெட்டும்போது இந்த லைட் அணைஞ்சு நான் பாத்ததே இல்லியே.' புத்திசாலிப் பெண், இவன் தரையில் உட்கார்ந்து வந்து சேர்ந்த இடத்துக்கு அவள் நின்றபடியே வந்துவிட்டாள். திரும்பச் செருகினாள். எழுந்தது, எல்லாம் இருந்தது. கஸ்பார் கண்ணை மூடினான். இன்னொரு தடவை, என்றான். எழுந்தது. மாதாவே, அப்படியே இருக்கட்டும், நான் பயந்தது வீணாகவே போகட்டும். இன்னொரு தடவை. ஃபேன் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. போனுக்குள் விசைப்பலகைச் சத்தம் வந்தது, நின்றது, திரும்ப வந்தது.

'அண்ணா, பெட்டி எழும்பிட்டு. உள்ள ஒண்ணும் இல்ல' என்றாள். 'சீட்டு இருக்கு, சரக்கு இல்ல.'

சீட்டு இருக்கிறது, சரக்கு இல்லை. கொடுத்த வரிசையிலேயே டிஸ்க் இறக்கும் என்று யார் சொன்னது, சீட்டை முந்தி இறக்கிவிட்டது. பூட்டும் இல்லை, ஆறாவது ஃபைலும் இல்லை, ஒரு குழந்தைக்குப் புரியும். 'அது நான் செஞ்சதும்மா' என்றான். 'ரெண்டு வரி எடுத்தேன். உன்கிட்டகூடக் காட்டல.' அவள் உம் கொட்டினாள், அவ்வளவுதான், ஒரு வார்த்தை குத்தவில்லை. குத்தியிருந்தால் தேவலை. 'என்னோடதும் அதுக்கு மேலதான நிக்குது அண்ணா' என்றாள் மெதுவாக. அந்த ரெண்டு வரியைத் திரும்பப் போடச் சொன்னான், பெட்டிக் கம்பெனிக்காரனை இப்போதே கூப்பிட்டு, புதுசு வரும்வரை எந்தப் படகிலும் பெட்டியை அணைக்கக் கூடாது என்று சொல்லச் சொன்னான். பிறகு, வைக்கப் போகிற சமயத்தில், வாயில் நாலு நாளாக நின்றது தானாக இறங்கியது. 'ஹாஜரா, ஆறாவது ஃபைல்ல, முதல் பூட்டைத் திறந்ததுக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு எனக்குப் புரியலம்மா. மூணு தடவை படிச்சும் புரியல. திங்கக்கிழமை பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடு.' 'எனக்கும் அந்த இடம் பயம்தான் அண்ணா' என்றாள். 'நீங்க பாத்தா சொல்லுவீங்கன்னுதான் குடுத்தேன். நீங்க ஒண்ணும் சொல்லலியா, சரி, சரியாத்தான் இருக்கும்போலன்னு நெனச்சிட்டேன்.' இத்தனை நாள் ரெண்டு பேரும் ஒரே குழியைச் சுற்றி வந்துகொண்டு, ஆளுக்கு ஆள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ரொசாரியோவுக்கு மூணு தடவை அடித்தான், தொடர்பு கிடைக்கவில்லை என்றே சொன்னது. மூணு தடவையும் வெள்ளைத் திரைதான் கண்ணில் நின்றது. நாலாவது தடவை மணி போயிற்று. எஞ்சின் இரைச்சலுக்கு மேலே 'என்ன அத்தான்' என்று கத்தினான். 'எங்க நிக்க மாப்ள?' 'முயல் தீவு தெரியுது, இன்னும் செத்த நேரத்துல கரை. அக்காவ மாவு ஆட்டச் சொல்லுங்க.' 'மாவு இருக்கட்டும். அந்தப் பொட்டிய அமத்தாத. கரைக்கு வந்தும் அமத்தாத. நான் வந்து பாக்குறவரைக்கும் ஒயர்ல கை வைக்காத.' அந்தப் பக்கம் ரொசாரியோ சிரித்தான்.

'அத எவன் அத்தான் அமத்துறது? ஒருக்க அமத்திட்டா திரும்ப அது முழிக்கதுக்குள்ள ஒரு வலை இழுத்துரலாம். அந்தப் பயத்துல நாங்க அமத்துறதே கிடையாது. நீங்க வந்து பாத்துட்டுப் போன பொறவு அதுக்குன்னு தனியா ஒரு பேட்டரி வச்சுட்டேன், கரையில கட்டிக் கிடந்தாலும் எரிஞ்சிட்டேதான் கிடக்கும். ஊர்ல முக்காவாசிப் படகுல அப்படித்தான். எதுக்குக் கேக்குறீங்க?' கஸ்பார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். 'அக்கா சொன்னா, இனி வேகமா முழிக்கிற மாதிரி ஒண்ணு செய்றீங்களாம். சீக்கிரம் செய்யுங்க அத்தான், நல்ல காரியம். அப்புறம் நாங்களும் எல்லாத்தையும் அமத்திப் போட்டுட்டு நிம்மதியாப் படுப்போம்.'

பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. கஸ்பார் போனைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே இருந்தான். இத்தனை மாசமாக அவன் மச்சினனைக் காப்பாற்றியது கடகத்தின் சட்டம் இல்லை, அதன் ஆமை வேகம். எதை நினைத்துக் கூனிக் குறுகினானோ அது. மூலையில் ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி உறுமத் தொடங்கியது. மற்றபடி லைட்டிலும் ஃபேனிலும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஜெசிந்தா வாசலில் வந்து நின்று, 'கரண்ட் வந்துட்டுபோலயே, மாவு புளிச்சிராம, போடுங்க' என்றாள். கஸ்பார் எழுந்து கிரைண்டருக்குள் குனிந்து பார்த்தான். உளுந்து குழவியைச் சுற்றி இறுகிப் பிடித்திருந்தது, கையால் கிளறி விட்டால்தான் சுற்றும். கையை உள்ளே விடப் போனவன் நிறுத்தி, சுவரோரம் எட்டி ஒயரை சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டான்.

'சுவிட்ச் ஆஃப்லதான இருக்கு' என்றாள் ஜெசிந்தா.

'இருக்கும்' என்றான் கஸ்பார். பிறகு கையை விட்டான்.